பெர்ல் ஸ்கிரிப்ட் ஃபைல் தேடி முடிப்பதற்குள் பொழுது விடிகிறதா?

ராத்திரி ஓடவிட்டுப் படுத்த ஸ்கிரிப்ட் காலையில் காபி குடிக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், பெர்லைத் திட்டுவதை முதலில் நிறுத்து. "பழைய மொழிக்கா இது, பைத்தானில் மாற்றி எழுதிடவா?" என்று கேட்பாய். எழுது, யார் வேண்டாம் என்றது? இதே தப்பை அங்கே கொண்டுபோய் வைத்தால் அதுவும் இப்படித்தான் ஊரும்.

நேரத்தைத் தின்பது மொழி இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கிடம் போய் "நீ ஃபைலா, ஃபோல்டரா? எவ்வளவு பெரிசு? கடைசியாக எப்போது மாறினாய்?" என்று தனித்தனியாகக் கேட்கிறாயே, அந்தக் கேள்விதான் தின்கிறது. அதற்குப் பெயர் ஸ்டாட். மேலே லேபிள் ஒட்டியிருக்கிற டப்பாவை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்து மிளகு தேடுகிற கதை. பெயரைப் பார்த்தே கழிக்க முடிந்ததைக் கழித்துவிடு. டிஸ்க்கைத் தொடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். கீழே சொல்வதில் பாதி இதையேதான் வேறு வேறு இடத்தில் வைத்துச் சொல்வது.

இன்னொன்றும் மனதில் வை. அந்தக் கேள்விக்கு லினக்ஸில் ஒரு விலை, விண்டோஸில் ஒரு விலை, நெட்வொர்க் டிரைவில் தலை சுற்றும் விலை. உன் லேப்டாப்பில் பறந்த ஸ்கிரிப்ட் வாடிக்கையாளரின் சர்வரில் ஏன் படுத்தது என்றால் இதனால்தான். பெயர்களை எல்லாம் காதில் விழுகிற மாதிரி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் தட்டும்போது அதற்குரிய எழுத்தில் தட்டிக்கொள்.

1. அளந்து பார்த்துவிட்டுக் கை வை

ஸ்கிரிப்டைத் திறந்ததும் ரெகெக்ஸை மாற்ற ஆரம்பிக்காதே. டெவெல்::என்ஒய்டிபிராஃப் என்ற மாட்யூலைப் போட்டு ஒரு தடவை ஓட்டு. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது அது. பெயரில் இருக்கும் என்ஒய்டி அதுதான். எந்த வரியில் எவ்வளவு நேரம் போனது என்று வரிவரியாகக் காட்டிவிடும். லினக்ஸில் இருக்கிறாயா, எஸ்ட்ரேஸை மைனஸ் சி போட்டு ஓட்டு. எத்தனை ஸ்டாட் போனது என்று எண்ணித் தரும். விண்டோஸில் பிராசஸ் மானிட்டர் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை 4 நிமிடம், எதையோ மாற்றிய பிறகு 20 விநாடி என்று வந்தால் உடனே குதிக்காதே. முதல் ஓட்டத்தில் படித்ததை எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம் மெமரியில் வைத்திருக்கும். இரண்டாவது தடவை வேகமாக வந்தது உன் கைவண்ணமா, கேஷ் வண்ணமா என்று தெரிய வேண்டாமா? பழையது, புதியது இரண்டையும் இரண்டு தடவை ஓட்டு. ஒப்பிட வேண்டியது சூடான ஓட்டத்தோடு சூடானதை, ஆறியதோடு ஆறியதை.

2. போகக் கூடாத ஃபோல்டருக்குள் போகாதே

எனக்கு நேரமே இல்லை, ஒரே ஒரு டிப் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஃபைல்::ஃபைண்டின் வான்டட் ஃபங்ஷனுக்குள் "பாதையில் நோட்_மாட்யூல்ஸ் என்று வந்தால் ரிட்டர்ன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்த ஃபோல்டரைத் தவிர்த்துவிட்டதாக நிம்மதியாக இருக்கிறாய். தவிர்க்கவில்லை கண்ணு. ஸ்கிரிப்ட் உள்ளே போகிறது, அத்தனை ஃபைலையும் நடந்து பார்க்கிறது, ஒவ்வொன்றுக்கும் உன் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, நீ ஒவ்வொரு தடவையும் "வேண்டாம்" என்கிறாய். நடந்த நடை நடந்ததுதான்.

வாசலிலேயே நிறுத்த இரண்டு வழி உண்டு:

- ஃபோல்டர் பெயர் பொருந்தியதும் ஃபைல்::ஃபைண்ட்::ப்ரூன் என்ற மாறிக்கு 1 கொடு. அதற்குள் இறங்காது. ஆனால் ஃபைண்ட்டெப்த் அல்லது பைடெப்த் போட்டிருந்தால் இது வேலை செய்யாது. அது உள்ளே போய்விட்டு வந்துதான் உன்னிடம் கேட்கும்.
- ப்ரீபிராசஸ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஒரு ஃபோல்டரில் இருக்கிற பெயர்ப் பட்டியல் முழுவதும் உன் கைக்கு வரும். வேண்டாததைக் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் மிச்சத்தை மட்டும் பார்க்கும். எனக்குப் பிடித்தது இதுதான். கழித்த பெயர்களுக்கு ஒரு ஸ்டாட்கூடப் போகாது. ஃபாலோ, ஃபாலோ_ஃபாஸ்ட் இரண்டில் ஒன்று போட்டிருந்தால் மட்டும் இதைக் கண்டுகொள்ளாது.

எதைக் கழிக்க? புள்ளி கிட், புள்ளி எஸ்விஎன், நோட்_மாட்யூல்ஸ், பில்ட் வெளியீடுகள், பேக்கப் ஃபோல்டர்கள். லினக்ஸில் ரூட்டிலிருந்து தேடுகிறாய் என்றால் ப்ராக், சிஸ் இரண்டையும் கட்டாயம் கழி. அவை டிஸ்க்கிலேயே இல்லை. கர்னல் அப்போதைக்கப்போது உருவாக்கிக் காட்டுவது. யாரோ மவுண்ட் செய்து வைத்த நெட்வொர்க் டிரைவுக்குள் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆரம்ப ஃபோல்டரின் ஸ்டாட்டில் முதலில் வரும் டிவைஸ் எண்ணைக் குறித்துக்கொள். வேறு எண் வருகிற ஃபோல்டரில் ப்ரூன் போடு.

ஹாஷ் ஒன்றில் தவிர்க்க வேண்டிய பெயர்களை வைத்துக்கொண்டால் பட்டியல் வளர்ந்தாலும் வேகம் குறையாது. பதினைந்து "அல்லது" போட்ட இஃப் வரி எழுதாதே, பார்க்கவே சகிக்காது.

3. ஒரே ஃபைலைப் பத்து தடவை கேட்காதே

இந்த மாதிரி ஒரு வரி உன் ஸ்கிரிப்டில் இருக்கும், தேடிப் பார்: மைனஸ் எஃப் போட்டு ஃபைலா என்று பார்க்கிறாய், மைனஸ் எஸ் போட்டு அளவு, மைனஸ் எம் போட்டு வயது, கடைசியில் பெயர் புள்ளி லாக் என்று முடிகிறதா என்று ரெகெக்ஸ். ஒரு ஃபைலுக்கு மூன்று ஸ்டாட். அதில் முக்கால்வாசி ஃபைல்கள் லாக்கே இல்லை.

வரிசையைத் திருப்பிப் போடு. ரெகெக்ஸ் முதலில். அது மெமரிக்குள்ளேயே முடிகிற வேலை, டிஸ்க்கைத் தொடாது. அதில் தேறியவற்றுக்கு மட்டும் மைனஸ் எஃப். அதற்கு அடுத்த கேள்விகளுக்கு ஃபைல் பெயரைத் திரும்ப எழுதாமல், வெறும் அடிக்கோடு ஒன்றைப் போடு. கடைசியாக எடுத்த ஸ்டாட்டின் பதிலை பெர்ல் கையில் வைத்திருக்கும். அடிக்கோடு போட்டால் அதையே பார்த்துச் சொல்லும். மூன்று, ஒன்றாகிவிட்டது. பெர்ல் 5.10-லிருந்து மைனஸ் எஃப் மைனஸ் எஸ் என்று அடுக்கியும் எழுதலாம், உள்ளே நடப்பது அதேதான்.

அடிக்கோட்டில் ஒரு வில்லங்கம். நடுவில் வேறொரு ஃபைலுக்கு மைனஸ் ஈ கேட்டுவிட்டால் அடிக்கோடு அந்த ஃபைலைத்தான் சொல்லும். லாக் எழுதுகிற ஃபங்ஷன் ஒன்றை நடுவில் கூப்பிட்டு, அது உள்ளே இன்னொரு ஃபைல் இருக்கிறதா என்று பார்த்துத் தொலைத்தால், பிழை எங்கே என்று நீ ஒரு நாள் முழுக்கத் தேடுவாய். சோதனைகளை ஒட்டி ஒட்டி எழுது. வான்டட் ஃபங்ஷனுக்குள் நுழையும்போதே அடிக்கோடு தயாராக இருக்கும் என்றும் நம்பாதே. ஃபாலோ போட்டால்தான் அந்த உத்தரவாதம் உண்டு.

ஃபைல்::ஃபைண்ட்::ரூல் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே பாடம். விதிகளை நீ எழுதிய வரிசையில்தான் அது பார்க்கும். ஃபைல், பிறகு நேம் என்று எழுதாதே. நேம், பிறகு ஃபைல்.

4. புதிய ஃபைலை முதலில் காட்ட வரிசைப்படுத்துகிறாயா?

சார்ட்டுக்குள் மைனஸ் எம் ஏ, மைனஸ் எம் பி என்று எழுதியிருப்பாய். பார்க்க அழகாக ஒரே வரி. 10,000 ஃபைல் இருந்தால் சார்ட் ஒரு லட்சத்துக்கு மேல் ஒப்பீடு செய்யும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் இரண்டு ஸ்டாட். ஆக, 10,000 கேள்வியில் முடிய வேண்டியதை இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறாய்.

முதலில் ஒவ்வொரு ஃபைலின் நேரத்தையும் ஒரு தடவை எடுத்து ஹாஷில் வை, பிறகு ஹாஷைப் பார்த்து வரிசைப்படுத்து. மேப், சார்ட், மேப் என்று மூன்றையும் கோத்து ஒரே வீச்சில் எழுதுவதற்கு ரேண்டல் ஷ்வார்ட்ஸ் பெயரையே வைத்துவிட்டார்கள்: ஷ்வார்ட்ஸியன் டிரான்ஸ்ஃபார்ம். 1994-லிருந்து இருக்கிற சங்கதி. புரியவில்லை என்றால் ஹாஷ் போதும், வெட்கப்படாதே. ஆறு மாதம் கழித்து நீயே படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கோடு அது.

5. விண்டோஸ்காரர்கள் இங்கே கொஞ்சம் உட்காருங்கள்

விண்டோஸில் ஸ்டாட் ஏன் இவ்வளவு கனம்? பழைய பெர்ல், ஹார்ட்லிங்க் எத்தனை என்று எண்ணுவதற்காக ஒவ்வொரு ஃபைலையும் உண்மையிலேயே திறந்து மூடும். திறந்த உடனே ஆன்டிவைரஸ் "யாரது?" என்று வந்து நிற்கும். நெட்வொர்க் ஷேரில் என்றால் ஒவ்வொரு திறப்புக்கும் சர்வர் வரை ஒரு நடை.

- பெர்ல் 5.10-லிருந்து 5.32 வரை வைத்திருந்தால், டாலர், அடைப்புக்குள் கேரட் வின்32_ஸ்லாப்பி_ஸ்டாட் என்ற மாறிக்கு 1 கொடு. ஸ்டாட் ஃபைலைத் திறக்காமலே பதில் சொல்லும். லிங்க் எண்ணிக்கை கிடைக்காது, உனக்கு அது எதற்கு? நெட்வொர்க் டிரைவில் இதன் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 5.34-ல் இந்த மாறியை எடுத்துவிட்டார்கள். அங்கே போட்டாலும் பலன் இல்லை. ஆகவே முதலில் பெர்ல் மைனஸ் வி அடித்து எந்தப் பதிப்பு என்று பார்.
- 5.34-க்கு முந்தைய பெர்லுக்கு விண்டோஸின் ஜங்ஷன் எது, உண்மையான ஃபோல்டர் எது என்று வித்தியாசம் தெரியாது. பயனர் ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன் டேட்டா என்று பழைய பெயரில் ஒன்று தன் வீட்டுக்கே திரும்பிக் கூட்டிப்போகும். அவற்றைப் பெயர் சொல்லி ப்ரூன் செய்.
- ஆன்டிவைரஸை நிறுத்திவைக்காதே, சொல்லிவிட்டேன். லாக் ஃபோல்டர் ஒன்றை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று சிஸ்டம் அட்மினிடம் கேள். அவர் முடியாது என்றால் அதோடு விடு.
- பாதைக்குப் பின்சாய்வுக் கோடு போட்டு, அதற்கு இன்னொரு பின்சாய்வுக் கோடு போட்டு அவதிப்படாதே. பெர்லுக்குள் விண்டோஸிலும் முன்சாய்வுக் கோடு நன்றாகவே ஓடும்.

டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டு போட்டு, அங்கிருந்து எம்என்டி சி என்று விண்டோஸ் டிரைவைத் தேடுகிற கூட்டம் ஒன்று உண்டு. டபிள்யூஎஸ்எல் 2-ல் லினக்ஸ் ஒரு மெய்நிகர் மெஷினுக்குள் இருக்கிறது. அங்கிருந்து சி டிரைவைத் தொடும் ஒவ்வொரு கேள்வியும் 9பி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியாக வெளியே வந்து போகும். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் என்றால் ஸ்கிரிப்ட் கண்ணீர் விடும். ஃபைல்களை லினக்ஸ் பக்கத்து ஹோமுக்கு நகர்த்து. இல்லை, ஃபைல் விண்டோஸில்தான் இருந்தாக வேண்டும் என்றால் ஸ்ட்ராபெரி பெர்லை விண்டோஸிலேயே நிறுவி அங்கே ஓட்டு.

6. லினக்ஸில் ஒரு பழைய சலுகை

யூனிக்ஸின் மரபான ஃபைல் சிஸ்டங்களில் ஒரு ஃபோல்டரின் லிங்க் எண்ணிக்கை, அதன் உள்ஃபோல்டர்களின் எண்ணிக்கையோடு 2. உள்ஃபோல்டர் எல்லாம் கண்டுபிடித்தாயிற்று என்றால் மிச்சமெல்லாம் ஃபைல்தான், ஸ்டாட் வேண்டாம். ஃபைல்::ஃபைண்ட் இந்தத் தந்திரத்தை முன்பு தானாகச் செய்தது. பிடிஆர்எஃப்எஸ் மாதிரியான ஃபைல் சிஸ்டங்கள் ஃபோல்டருக்கு 1 என்றே காட்டுவதால், இப்போதைய பதிப்புகளில் எல்லா இடத்திலும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டோன்ட்_யூஸ்_என்லிங்க் என்பதற்கு 0 கொடுத்தால் திரும்ப வரும். எக்ஸ்டி4 என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய். தெரியாமல் செய்தால் உள்ஃபோல்டர்களைப் பார்க்காமலே "முடிந்தது" என்று சொல்லிவிடும். வேகமான தப்பு யாருக்கு வேண்டும்?

7. குளோபா, ரீட்டிரா?

ஒரே ஒரு ஃபோல்டர், நூறு இருநூறு ஃபைல் என்றால் குளோப் போதும். லட்சக்கணக்கில் இருக்கிற ஃபோல்டரில் ஓபன்டிர், ரீட்டிர். குளோப் எல்லாவற்றையும் திரட்டி, கேட்காமலே அகரவரிசைப்படுத்தித்தான் கையில் தரும். போதாக்குறைக்கு வடிவத்தில் இடைவெளி இருந்தால் அதை இரண்டு வடிவமாக உடைத்துக்கொள்ளும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று அழுகிறவர்கள் இங்கே பார்க்கவும்.

ரீட்டிர் வெறும் பெயரை மட்டும் தரும், பாதையைத் தராது. ஃபோல்டர் பெயரை முன்னால் ஒட்டாமல் மைனஸ் எஃப் கேட்டால் எல்லாமே "இல்லை" என்றுதான் வரும். ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டையும் கழிக்க "புள்ளியில் ஆரம்பிப்பது எல்லாம் வேண்டாம்" என்று எழுதாதே. மறைந்திருக்கும் ஃபைல்களும் சேர்ந்து போய்விடும். வேலை அதைத் தேடுவதாகவே இருந்தால்?

8. ஃபைலுக்குள் சொல் தேடுவது

பெயரால் கழித்தாயிற்று, அளவால் கழித்தாயிற்று, இப்போதுதான் ஃபைலைத் திறக்க உனக்கு உரிமை வந்திருக்கிறது.

இன்டெக்ஸ் ஃபங்ஷன் போட்டால் ரெகெக்ஸைவிடப் பறக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்றும் பெரிதாகப் பறக்காது. மாறாத சொல் என்றால் ரெகெக்ஸ் இயந்திரமும் உள்ளே அதே மாதிரி வேகமான தேடலைத்தான் செய்கிறது. உண்மையான மிச்சம் வேறு இடத்தில்:

- யூடிஎஃப்-8 என்கோடிங் அடுக்கைப் போட்டுத் திறந்தால், பெர்ல் ஒவ்வொரு பைட்டையும் சரிபார்த்து எழுத்தாக மாற்றும். தேடுவதற்கு அது வேண்டியதில்லை. ஃபைலை ரா ஆகத் திற. தேட வேண்டிய சொல்லை ஒரே ஒரு தடவை என்கோட் செய்து பைட்டாக்கு. பைட்டோடு பைட்டை ஒப்பிடு. யூடிஎஃப்-8-ல் ஒரு எழுத்தின் நடுப்பகுதி இன்னொரு எழுத்தின் தொடக்கம் மாதிரித் தெரியவே தெரியாது, அதனால் தவறான பொருத்தம் வராது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் தமிழ் உரையில் மாற்றும் வேலை அதிகம். மிச்சமும் நன்றாகவே தெரியும்.
- வரிவரியாகப் படிப்பதற்கு முன்னால் மொத்தமாகப் படித்து, சொல் இருக்கிறதா என்று மட்டும் பார். இருந்தால்தான் வரி எண்ணுக்காக வரிகளாக உடை. பெரும்பாலான ஃபைலில் அது இருக்கவே இருக்காது, உடைக்கிற வேலையே மிச்சம். சில நூறு எம்பி ஃபைல் வருமென்றால் 1 எம்பி துண்டுகளாகப் படி. ஆனால் சொல் இரண்டு துண்டுக்கு நடுவில் வெட்டுப்படலாம். முந்தைய துண்டின் வாலில் சொல்லின் நீளத்துக்கு ஒன்று குறைவான பைட்டுகளை எடுத்து அடுத்த துண்டின் தலையில் ஒட்டு.
- ஃபோர்ஈச்சுக்குள் ஃபைல் ஹேண்டிலைப் போடாதே. முழு ஃபைலையும் வரிப் பட்டியலாக்கி மெமரியில் ஏற்றிவிட்டுத்தான் முதல் வரியைத் தரும். ஒயில் போடு.
- எழுத்து பெரிசு சிறிசு பார்க்காதே என்கிற ஐ குறியைப் பழக்கதோஷத்தில் போடாதே. ரெகெக்ஸின் வேகமான குறுக்குவழியை அது கெடுக்கும். தமிழ்ச் சொல்லைத் தேடுகிற இடத்தில் அதைப் போட்டு என்ன பயன்? நம் எழுத்தில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து?
- ஐம்பது சொற்களைத் தேட வேண்டுமா? ஐம்பது தடவை சுற்றாதே. செங்குத்துக் கோடு போட்டு ஒரே ரெகெக்ஸாக இணைத்து, சுற்றுக்கு வெளியே க்யூஆர் வைத்து ஒரு தடவை தயார்செய். 5.10-லிருந்து பெர்ல் இப்படிப்பட்ட சொல் பட்டியலை டிரை என்ற கிளை அமைப்பாக மாற்றிக்கொள்கிறது. ஒரே நடையில் ஐம்பதையும் பார்க்கும்.
- அலுவலகத்தில் இன்னும் 5.8, 5.16 என்று ஓடுகிறதா? டாலர் ஆம்பர்சாண்டை எங்காவது எழுதியிருக்கிறாயா பார். ஓர் இடத்தில் இருந்தாலும் ஸ்கிரிப்டில் இருக்கிற எல்லா ரெகெக்ஸும் மந்தமாகும். யூஸ் இங்கிலீஷ் போட்டிருந்தால் கூடவே மைனஸ் நோ_மேட்ச்_வார்ஸ் போடு. 5.20-க்குப் பிறகு இந்தத் தொல்லை இல்லை.

பைனரி ஃபைலைத் தவிர்க்க மைனஸ் கேபிடல் பி நல்லதுதான், ஆனால் அது ஃபைலைத் திறந்து முதல் பகுதியைப் படித்துத்தான் சொல்லும். ஜேபெக், ஜிப், எம்பி4 எல்லாம் பெயரின் வாலைப் பார்த்தே கழியட்டும். இன்னொன்று, சைஃபர் பைட் கண்டாலே அது பைனரி என்று சொல்லிவிடும். விண்டோஸில் யூடிஎஃப்-16-ல் சேமித்த சாதாரண நோட்பேட் ஃபைலில் இடைவெளிக்கும் வரி முடிவுக்கும் சைஃபர் பைட் இருக்கும். அந்த ஃபைலை உன் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

9. "ஃபைல் இருக்கு, ஆனா கிடைக்கலக்கா"

இது வேகப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதே. கிடைக்காத ஃபைலுக்காகத்தான் டிரைவ் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறாய்.

லினக்ஸில் ரிப்போர்ட் என்று பெரிய எழுத்தில் தொடங்குவதும் சின்ன எழுத்தில் தொடங்குவதும் இரண்டு ஃபைல். விண்டோஸிலும், வழக்கமான அமைப்பில் இருக்கும் மேக்கிலும் ஒன்றே. மூன்றிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டில் பெயர்களை எல்சி போட்டு ஒப்பிடு.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள்தான் பெரிய சோதனை. "கொடை" என்று ஒரு ஃபைல். அதிலிருக்கிற ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், பைட்டில் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயரை இரண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் நீ தட்டியதை அப்படியே வைக்கும். மேக்கிலிருந்து காப்பி செய்து லினக்ஸுக்கு வந்த ஃபைலை உன் ஸ்கிரிப்ட் "இல்லை" என்று சொல்வதற்குக் காரணம் இது. பெயரை டிகோட் செய், யூனிகோட்::நார்மலைஸ் மாட்யூலின் என்எஃப்சியில் இரண்டு பக்கத்தையும் போட்டு, பிறகு ஒப்பிடு. ஃபைலுக்குள் பைட்டாகத் தேடும்போதும் இதே சிக்கல் வரலாம். கொ, கோ, கௌ வரிசை எழுத்து இருக்கிற சொல்லுக்கு இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேடு.

விண்டோஸில் கதையே வேறு. ரீட்டிர் பழைய ஏஎன்எஸ்ஐ வழியில் பெயரை வாங்குவதால் தமிழ்ப் பெயர் கேள்விக்குறி வரிசையாகவோ, டில்டா போட்ட குட்டைப் பெயராகவோ வரலாம். சிபேனில் வின்32::லாங்பாத் எடுத்துக்கொள். 260 எழுத்தைத் தாண்டும் நீளப் பாதைக்கும் அதுவே மருந்து.

10. கிடைத்ததும் நிறுத்து

ஒரே ஒரு ஃபைல் வேண்டும், அது மூன்றாவது ஃபோல்டரிலேயே கிடைத்துவிட்டது, ஆனாலும் ஸ்கிரிப்ட் மிச்ச டிரைவை எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வருகிறது. ஃபைல்::ஃபைண்டில் நடுவில் நிறுத்த நேரான வழி இல்லை. ஈவால் ஒன்றுக்குள் வைத்து, கிடைத்ததும் டை சொல்லி வெளியே வா. பார்க்க அசிங்கம், ஆனால் வேலை நடக்கும். நாகரிகமாக வேண்டுமென்றால் ஃபைல்::நெக்ஸ்ட்: கேட்கக் கேட்க ஒவ்வொரு பெயராகத் தரும், போதுமென்றால் கேட்பதை நிறுத்திக்கொள்ளலாம். ஆக் என்ற தேடும் கருவியை எழுதிய ஆண்டி லெஸ்டர் செய்தது.

11. ஃபோர்க் போட்டால் வேகமாகுமா?

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் நாலு பேர் ஒரே நேரத்தில் தேடினால் முள் அங்கும் இங்கும் அலைந்து இன்னும் மெதுவாகும். எஸ்எஸ்டியிலும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய நெட்வொர்க் டிரைவிலும் பலன் உண்டு. விண்டோஸில் ஃபோர்க் என்பது த்ரெட் வைத்துச் செய்யும் பாவனை, கனமானது. மேலே சொன்ன பத்தையும் செய்து முடித்த பிறகு இங்கே வா.

12. தினமும் அதே ஃபோல்டரைத் தேடுகிறாயா? குறித்து வை

ஒரு தடவை நடந்து கண்டதை எஸ்க்யூலைட்டில் எழுதி வை. அடுத்த தடவை ஃபோல்டர்களின் மாற்ற நேரத்தை மட்டும் பார். ஃபோல்டருக்குள் ஃபைல் சேர்ந்தால், போனால், பெயர் மாறினால்தான் அந்த நேரம் மாறும். மாறாத ஃபோல்டரின் பெயர்ப் பட்டியலை மறுபடி படிக்க வேண்டாம். ஆனால் ஃபைலின் உள்ளடக்கம் மாறினால் ஃபோல்டருக்குத் தெரியாது, பேரன் ஃபோல்டரில் நடப்பதும் பாட்டி ஃபோல்டருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஃபோல்டரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஃபேட்32 பென்டிரைவில் ஃபைல் நேரம் 2 விநாடிக்கு ஒரு தடவைதான் நகரும். சமமா என்று பார்க்காமல் 2 விநாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள். எஸ்க்யூலைட்டுக்குப் பதிலாக ஸ்டோரபிள் மாட்யூலில் சேமித்து வேறு மெஷினில் படிக்கப்போகிறாய் என்றால் ஸ்டோர் வேண்டாம், என்ஸ்டோர் போடு.

இன்னும் சோம்பேறித்தனமான வழி: ஆபரேட்டிங் சிஸ்டமே குறித்து வைத்திருக்கிறதா என்று பார். லினக்ஸில் லொகேட், மேக்கில் எம்டிஃபைண்ட், விண்டோஸில் எவ்ரிதிங். லொகேட்டின் பட்டியல் அப்டேட்டிபி கடைசியாக ஓடிய நேரத்தோடு நின்றிருக்கும். இன்று காலை வைத்த ஃபைலை அதில் தேடி, காணோம் என்று ஊரைக் கூட்டாதே.

பட்டியல் புதியதாகவே வேண்டும் என்றால் லினக்ஸிலும் மேக்கிலும் ஃபைண்ட் கட்டளையை பைப்பில் திற. ஃபோல்டரைப் படிக்கும்போதே எது ஃபைல், எது ஃபோல்டர் என்று கர்னல் சேர்த்தே சொல்கிறது. ஃபைண்ட் அதைப் பயன்படுத்திக்கொள்ளும், பெர்லின் ரீட்டிர் அதை உன்னிடம் தருவதில்லை. பிரிண்ட்0 போட்டு, டாலர் ஸ்லாஷுக்கு சைஃபர் பைட்டைக் கொடுத்துப் படித்தால், பெயருக்குள் வரி உடைவு இருந்தாலும் ஏமாற மாட்டாய். மேக் ஃபைண்டில் பிரிண்ட்எஃப் கிடையாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

விண்டோஸில் இதே வரியை ஓட்டினால் என்ன ஆகும் தெரியுமா? அங்கே ஃபைண்ட் என்பது ஃபைலுக்குள் சொல் தேடுகிற வேறொரு கட்டளை. ஆகவே டாலர் கேரட் ஓ-வைப் பார்த்துக் கிளை பிரி. பிரிக்கும்போது "வின் என்று வந்தால் விண்டோஸ்" என்று ரெகெக்ஸ் போடாதே. மேக்கில் அந்த மாறியில் இருப்பது டார்வின். எம்எஸ்வின்32 என்று முழுப் பெயரையும் எழுதி, ஈக்யூ போட்டுச் சரிபார்.